கர்ப்பகாலக் கார்டில் 'ஏ1' என்று இருக்கிறது, அத்தை கேட்டதற்கு என்ன பதில் சொல்வது?

நத்தம் மருமகள் கேட்டது:

அக்காமார்களுக்கு வணக்கம். இங்கே முதல் தடவையா எழுதுறேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. எனக்கு 26 வயசு. திண்டுக்கல் மாவட்டம், நத்தம் பக்கத்துல ஒரு கிராமம். இப்போ ஏழாம் மாசம் நடக்குது.

போன வருஷம் சித்திரையில ஒரு தடவை கரு தங்குச்சு. ஒன்பதாவது வாரம் ஸ்கேனுக்குப் போனப்போ துடிப்பு இல்லைன்னு சொல்லிட்டாங்க. எனக்கு வலியும் இல்ல, ஒரு சொட்டு ரத்தமும் படல. அதனால நம்பவே முடியல. இன்னொரு இடத்துல ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம், அங்கேயும் அதேதான். ரெண்டு நாள் கழிச்சு அம்மா ஊர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில டிஎன்சி பண்ணாங்க. அத்தைகிட்ட அம்மா போன்ல "கலைஞ்சிருச்சு"ன்னு மட்டும் சொன்னாங்க. அத்தையும் அதுக்கு மேல கேட்டுக்கல.

போன வாரம் சொந்தக்காரப் பொண்ணு ஒண்ணு வீட்டுக்கு வந்துச்சு. நர்சிங் முதல் வருஷம் படிக்குது. என் கார்டை வாங்கிப் பார்த்துட்டு, "ஜி2 பி0 எல்0 ஏ1 போட்டிருக்கே, ஏ-ன்னா அபார்ஷன்"னு படிச்சுச்சு. பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுலயும் 'மிஸ்டு அபார்ஷன்'னுதான் இருக்கு. அது போன பிறகு அத்தை என்னைக் கூப்பிட்டு, "அப்போ நீயாத்தான் கலைச்சியா?"ன்னு கேட்டாங்க. சத்தம் போடல, நிதானமாத்தான் கேட்டாங்க. எனக்கு நாக்கே வரல. அழுதுட்டேன். அழுததை அவங்க ஒப்புக்கிட்டதா எடுத்துக்கிட்டாங்க. வீட்டுக்காரர் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கார். போன்ல சொன்னா, "அம்மாகிட்ட நான் பேசுறேன்"ங்கிறார், ஆனா அவருக்கே மிஸ்டுன்னா என்ன, டிஎன்சின்னா என்னன்னு தெரியல.

கார்டுல இன்னும் நிறைய இருக்கு. எல்எம்பி ஜனவரி 10, இடிடி அக்டோபர் 17. ஆனா 11வது வார ஸ்கேன்ல இடிடி அக்டோபர் 25னு இருக்கு, எது சரி? ரத்தம் பி நெகட்டிவ். ஐசிடி நெகட்டிவ். ஹெச்பி 9.6. இந்த மாச ஸ்கேன்ல பிரீச். மேல ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க. ரெண்டு நெகட்டிவ், ஒரு சிவப்பு, பார்த்தாலே பயமா இருக்கு.

என் கேள்வி இதுதான். அந்த ஏ1-ஐ அழிச்சு ஜி1-னு மாத்தி எழுதச் சொல்லி நர்ஸம்மாகிட்ட கேட்கலாமா? முடியாதுன்னா, அம்மா ஊருக்குப் போய் புதுசா ஒரு கார்டு போட்டுக்கலாமான்னு அம்மா கேட்குறாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சைக்கிள் நர்ஸ் (ஓய்வு), சிவகங்கை மாவட்டம்:

அழிக்கச் சொல்லாதே தாயி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

நான் 31 வருஷம் கிராம சுகாதார நர்ஸாக இருந்தேன். முதல் பன்னிரண்டு வருஷம் சைக்கிள், அதற்குப் பிறகு மொபெட். எத்தனை கார்டில் இந்த ஜி, பி, எல், ஏ எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. உன் கேள்வியைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. நாங்கள் அந்த ஓர் எழுத்தைப் போட்டுவிட்டு அடுத்த கார்டுக்குப் போய்விடுகிறோம், அது வீட்டுக்குள் போய் என்னவெல்லாம் செய்கிறது பார்.

ஜி என்றால் இதுவரை எத்தனை தடவை கரு தங்கியது, இப்போது இருப்பதையும் சேர்த்து. உனக்கு இரண்டு. பி என்றால் வெளியே வந்தால் பிழைக்கக்கூடிய வளர்ச்சி வந்த பிறகு நடந்த பிரசவம். எல் என்றால் இன்றைக்கு உயிரோடு இருக்கும் பிள்ளைகள். ஏ என்றால் அந்த வளர்ச்சி வருவதற்கு முன்பே முடிந்துபோன கர்ப்பம். முடிந்துபோனது என்பதுதான் அதற்குப் பொருள். யார் முடித்தார்கள் என்பது அந்த எழுத்தில் இல்லை. தானாகப் போனாலும் ஏ, மாத்திரை போட்டுக் கலைத்தாலும் ஏ.

இதில் நம் தமிழ் ஆங்கிலத்தைவிடத் தெளிவு. கலைந்தது, கலைத்தது. ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம், ஆனால் எந்தக் கிழவியும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டாள். கருச்சிதைவு தானாக நடப்பது, கருக்கலைப்பு நாமாகச் செய்வது. டாக்டர்கள் பேசும் பாஷையில் இரண்டுக்கும் அபார்ஷன் ஒன்றுதான். அந்த ஒற்றைச் சொல்லைத் தமிழாக்கி வீட்டில் படித்தபோது, அந்தப் படிக்கிற பிள்ளை தவறான பக்கத்தைப் படித்துவிட்டது. அது மேல் குற்றமில்லை, முதல் வருஷம்தானே.

மிஸ்டு அபார்ஷன் என்றால், கரு உள்ளேயே நின்றுபோய்விட்டது, ஆனால் உடம்பு அதை இன்னும் வெளியே தள்ளவில்லை. அதனால்தான் உனக்கு வலியில்லை, ரத்தம் படவில்லை. அப்படியே விட்டுக் காத்திருக்கலாம், மாத்திரை கொடுக்கலாம், இல்லையென்றால் டிஎன்சி செய்து கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யலாம். ஊரில் டிஎன்சி என்றாலே கலைக்கிறது என்றுதான் காதில் விழும். ஏற்கெனவே நின்றுபோனதை எடுப்பதற்கும், பிரசவத்துக்குப் பிறகு நஞ்சு துண்டு உள்ளே தங்கினால் எடுப்பதற்கும், பெரும்பாடு விடாமல் போனால் பரிசோதனைக்கும்கூட அதே டிஎன்சிதான். உன் அத்தை அந்தக் காலத்து ஆள். அவரிடம் 'மிஸ்டு' என்று சொல்லாதே. "வயிற்றுக்குள்ளேயே நின்னுபோச்சு அத்தை, துடிப்பு இல்லை, உள்ளே இருந்தா எனக்கு விஷமாயிடும்னு எடுத்தாங்க" என்று சொல். உள்ளேயே ரொம்ப நாள் தங்கினால் கிருமி தொற்றலாம், ரத்தம் உறைவதில் சிக்கல் வரலாம். அதைத்தான் நம் ஊரில் விஷம் என்கிறோம், தப்பில்லை.

நீ என்ன தின்றாய், எதைத் தூக்கினாய், எந்த பஸ்ஸில் போனாய் என்று யாராவது ஆரம்பித்தால் காதில் வாங்காதே. தெரியவந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து இப்படிப் போகிறது. முதல் மூன்று மாதத்தில் போவதில் ஏறக்குறையப் பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கணக்கு ஆரம்பத்திலேயே சரியாக அமையாததுதான். நீ கட்டிலைவிட்டு இறங்காமல் படுத்திருந்தாலும் அது தங்கியிருக்காது.

இப்போது ஏன் அழிக்கக்கூடாது என்று சொல்கிறேன். நீ இரண்டு நெகட்டிவ் என்று பயந்தாயே, அவை இரண்டும் வேறு வேறு.

பி நெகட்டிவ் என்பது உன் ரத்தப் பிரிவு. ஆர்ஹெச் என்ற பொருள் உன் சிவப்பணுவில் இல்லை. வீட்டுக்காரர் பாசிட்டிவ் என்றால் பிள்ளையும் பாசிட்டிவாக இருக்கலாம். பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் உன் ரத்தத்தில் கலந்தால், உன் உடம்பு அதை அந்நியம் என்று நினைத்து எதிர்ப்புப் பொருள் உண்டாக்கும். பிரசவத்தில் கலக்கலாம், கரு கலையும்போது கலக்கலாம், டிஎன்சி செய்யும்போதும் கலக்கலாம். கலந்த அந்தக் கர்ப்பத்துக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடுத்து வரும் பிள்ளையின் சிவப்பணுக்களை அது உடைக்கும். பிள்ளைக்கு வயிற்றிலேயே ரத்தசோகை, பிறந்ததும் கடுமையான மஞ்சள் காமாலை. இதைத் தடுக்க 72 மணி நேரத்துக்குள் ஆன்டி டி என்ற ஊசி போட வேண்டும்.

ஐசிடி நெகட்டிவ் என்பது அந்த எதிர்ப்புப் பொருள் உன் ரத்தத்தில் இல்லை என்று அர்த்தம். அதாவது நல்ல செய்தி! அந்த நெகட்டிவைப் பார்த்து நீ சந்தோஷப்படலாம். போன வருஷம் டிஎன்சி செய்தபோது ஊசி போட்டார்களா என்று பழைய சீட்டில் பார். 28வது வாரம் ஒரு ஆன்டி டி போடுவார்கள். அதற்கு முன்பே ஐசிடியை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும், ஊசி போட்ட பிறகு பார்த்தால் ஊசி மருந்தே பாசிட்டிவ் காட்டிக் குழப்பும். பிள்ளை பிறந்து அதன் ரத்தம் பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் மறுபடி ஒன்று. நடுவில் ரத்தம் பட்டாலோ, வயிற்றில் அடி பட்டாலோ உடனே போய்ச் சொல்ல வேண்டும், அப்போதும் ஊசி தேவைப்படலாம். சிவப்பு ஸ்டிக்கர் இதற்காகத்தான். கூடுதலாகக் கவனிக்க வேண்டிய தாய் என்று டாக்டருக்குத் தெரிவதற்கு ஒட்டுகிற அடையாளம் அது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண். பக்கத்து ஊரில் வாக்கப்பட்டவள். கல்யாணத்துக்கு முன்பே ஒன்று கலைந்திருக்கிறது, அதை அவள் தாய் ஒருவருக்கும் தெரியாமல் மூடிவிட்டாள். என்னிடம் "முதல் பிள்ளை"தான் என்று சொன்னாள், நானும் ஜி1 என்று எழுதினேன். நெகட்டிவ் ரத்தம்தான், ஆனால் முதல் பிள்ளைக்கு ஒன்றும் வராது என்று நினைத்துவிட்டோம். அந்தக் காலத்தில் ஐசிடி எல்லாம் எங்கள் பக்கத்தில் கிடையாது. பிள்ளை பிறந்த அன்றைக்கே மஞ்சள் பூசினாற்போல் ஆகிவிட்டது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, ரத்தத்தை மாற்றி ஏற்றி, உயிர் பிழைத்தது. காது கேட்கவில்லை. அந்தத் தாய் ஒரு வருஷம் கழித்து என் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னாள். அந்தக் கை நடுங்கியது இன்றைக்கும் என் கையில் இருக்கிறது. அவளை நான் குறை சொல்லவே மாட்டேன். நான் கேட்ட விதம் தப்பு. மாமியாரையும் நாத்தனாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே "எத்தனாவது பிள்ளை?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அந்தக் கேள்வியை ஆள் இருக்கும்போது கேட்டதில்லை. "எடை பார்க்கணும், உள்ளே வா" என்று தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்பேன்.

அம்மா ஊரில் புதுக் கார்டு போட முடியாது. உன் பிக்மி எண், அதாவது அரசில் உன் கர்ப்பத்தைப் பதிந்த எண், ஒன்றுதான், எந்த ஊருக்குப் போனாலும் அதுதான் கூடவே வரும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் அந்த எண்தான். இரண்டாகப் பதிந்தால் இரண்டிலும் சிக்கல்.

தேதி விஷயம். இது என் மனதுக்குப் பிடித்த பாடம், கொஞ்சம் நீளமாகப் போனால் மன்னித்துக்கொள். எல்எம்பி என்றால் கடைசியாகத் தூரமான முதல் நாள். கிராமத்தில் அப்படிக் கேட்டால் பதில் வராது. "கடைசியா எப்போ தலைக்கு ஊத்துன?" என்றுதான் கேட்போம். தை அமாவாசைக்கு முந்தின நாள் என்று சொல்வார்கள். நான் அதை அப்படியே எழுதிக்கொண்டிருந்தேன். தலைக்கு ஊற்றுவது மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ அல்லவா, முதல் நாள் இல்லையே! ஒரு டாக்டரம்மா என் ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தார். அதிலிருந்து "பட ஆரம்பிச்ச அன்னைக்கு என்ன கிழமை?" என்றும் சேர்த்துக் கேட்பேன்.

அந்த முதல் நாளோடு 280 நாள் கூட்டினால் இடிடி, அதாவது உத்தேசப் பிரசவத் தேதி. ஏழு நாள் கூட்டி மூன்று மாதம் பின்னால் போனாலும் அதே கணக்குதான். உனக்கு ஜனவரி 10, அதனால் அக்டோபர் 17. 280 நாள் என்றால் 28 நாள் வீதம் சரியாகப் பத்து மாதம். பத்து மாசம் சுமந்தேன் என்று நம் பெண்கள் சொல்வது இந்தக் கணக்குதான். ஆனால் இது 28 நாளைக்கு ஒரு தடவை ஒழுங்காகத் தூரமாகிறவளுக்குப் பொருந்தும். உனக்கு 35, 38 நாள் என்று தள்ளிப்போகும் வழக்கம் உண்டா? உண்டென்றால் கரு தங்கியதே ஒரு வாரம் பிந்தித்தான், அதனால்தான் ஸ்கேன் 25 என்கிறது. முதல் மூன்று மாத ஸ்கேனில் பிள்ளையின் தலையிலிருந்து அடிமுதுகு வரை நீளம் பார்ப்பார்கள், சிஆர்எல் என்று போட்டிருக்கும். அந்த வயசில் எல்லாப் பிள்ளையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வளரும் என்பதால் தேதி துல்லியமாக வரும். ஒரு வாரத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த ஸ்கேன் தேதியைத்தான் எடுத்துக்கொள்வார்கள். உனக்கு எட்டு நாள் வித்தியாசம். கார்டில் எந்த இடிடி என்று நர்ஸிடம் கேட்டு ஒன்றை வட்டம் போடச் சொல். ஊசிக்கு 28 வாரம் எண்ணுவதும் அதிலிருந்துதான். இனிமேல் வரும் ஸ்கேன்கள் வேறு தேதி காட்டினால் குழம்பாதே, அவை வளர்ச்சி பார்க்க, தேதி மாற்ற இல்லை.

பிரீச் என்றால் பிள்ளை உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, தலை மேலே. ஏழாம் மாசத்தில் அது சகஜம், இன்னும் நீந்திக்கொண்டிருக்கும். 36 வாரத்துக்குள் பெரும்பாலும் தானே திரும்பிவிடும். நாள் நிறைந்தபோதும் திரும்பாமல் இருப்பது நூற்றுக்கு மூன்று நான்கு. யாரையும் வயிற்றைத் தடவித் திருப்பவிடாதே.

ஹெச்பி என்பது ரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு. 9.6 போதாது, 11 வேண்டும். நர்ஸ் சொன்ன அளவில் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிடு, டீயோடும் வேண்டாம், கால்சியம் மாத்திரையோடு சேர்த்தும் வேண்டாம். மாத்திரை போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு.

கடைசியாக ஒன்று, அத்தையை அடுத்த செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. போவதற்கு முன் நர்ஸிடம் போனில் சொல்லிவை. ஏ1 பக்கத்தில் 'தானாக, 9 வாரம்' என்று எழுதித் தரச் சொல். அது எழுதலாம், எழுதவும் வேண்டும்.

சார்ஜாவிலிருந்து ஒரு புதுக்கோட்டைக்காரன்:

நர்ஸ் அம்மா தேதி பற்றி எழுதியதைப் படித்த பிறகு, ஐந்து வருஷமாக யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அந்தப் பெண்ணின் கணவர் இதைப் படித்தால் நல்லது.

நான் ஒரு மார்ச் 5ஆம் தேதி லீவில் ஊருக்கு வந்தேன். ஏப்ரல் 12ஆம் தேதி மனைவியை ஸ்கேனுக்குக் கூட்டிப்போனேன். ரிப்போர்ட்டில் ஏழு வாரம் என்று இருந்தது. நான் வந்தே ஐந்தரை வாரம்தான் ஆகிறது. மனதுக்குள் எண்ணினேன், மறுபடியும் எண்ணினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் பேச்சைக் குறைத்துவிட்டேன். லீவு முடிய இன்னும் நாள் இருந்தும் சீக்கிரமே டிக்கெட் போட்டுவிட்டேன். மூன்று வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை. அவள் மசக்கையில் வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தாள்.

இங்கே என் அறையில் இருந்த ஒரு மலையாளி நண்பன் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவன். அவனிடம் வேறு யாருக்கோ நடந்ததுபோல் கேட்டேன். அவன் காலண்டரை எடுத்து விளக்கினான். வாரக் கணக்கு கடைசித் தூரத்தின் முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கிறது, கரு உண்டாவது அதிலிருந்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. அதாவது "ஏழு வாரம்" என்றால் கருவின் உண்மையான வயது ஐந்து வாரம்தான். பிப்ரவரி 22 அவளுக்குத் தூரமான நாள். நான் வந்தது மார்ச் 5. கணக்கு ஊசி நூல் கோத்ததுபோல் பொருந்தியது.

அன்று ராத்திரியே போன் செய்து அழுதேன். எதற்கு அழுகிறீர்கள் என்று கேட்டாள். ஊர் ஞாபகம் என்று சொன்னேன். இன்று வரை அவளுக்குத் தெரியாது. என் மகளுக்கு இப்போது நாலு வயது. ஸ்கேன் பார்ப்பவர்கள் ஒரே ஒரு வரி, "இது கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணிய வாரம்" என்று தமிழில் சொல்லி அனுப்பினால் போதும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள் வீடுகளில் இது எத்தனை பேருக்கு நடந்திருக்குமோ.

தங்கச்சி, உங்கள் கணவர் திருப்பூரில்தானே இருக்கிறார். செவ்வாய்க்கிழமை ஒருநாள் லீவு போட்டுக் கூட வரச் சொல்லுங்கள். போனில் "நான் பேசுறேன்" என்பது போதாது.

அம்பத்தூர் வாசகி:

நர்ஸ் அம்மா எழுதிய ஒவ்வொரு வரியும் பயனுள்ளது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை.

"அவள் கலைக்கவில்லை, அதுவாகக் கலைந்தது" என்று நாம் எல்லோரும் சேர்ந்து நத்தம் தங்கைக்குச் சாட்சி சொல்கிறோம். உண்மைதான், சொல்ல வேண்டியதுதான். ஆனால் நான் கலைத்தவள். எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து ஐந்தாம் மாதம், தூரமே வராத நிலையில், மறுபடி கரு தங்கியது. வீட்டுச் சூழ்நிலை, என் உடம்பு இரண்டும் இடம் கொடுக்கவில்லை. அரசு மருத்துவமனையில் ஏழாவது வாரத்தில் மாத்திரை கொடுத்தார்கள். என் கார்டிலும் ஏ1தான். இந்தத் தங்கையின் ஏ1 சுத்தம், என் ஏ1 அழுக்கு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இந்தியாவில் 1971இலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. 2021இல் திருத்தினார்கள். 20 வாரம் வரை, சட்டம் சொல்லும் காரணங்களுக்கு ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை குறிப்பிட்ட சில நிலைகளில் இருக்கும் பெண்களுக்கு இரண்டு மருத்துவர்கள் சொல்ல வேண்டும். 18 வயது நிரம்பியவருக்கு அவருடைய சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்து சட்டப்படி தேவையே இல்லை, பல இடங்களில் கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம். கருக்கலைப்பு செய்துகொண்டவர் பெயரைச் சட்டம் அனுமதிக்காத எவரிடமும் வெளியிடக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் திருமணமாகாத பெண்களுக்கும் 24 வாரம் வரையிலான அந்த ஏற்பாடு பொருந்தும் என்று தீர்ப்புச் சொன்னது.

நர்ஸ் அம்மாவின் கதையில் அந்தத் தாய் ஏன் மறைத்தாள்? கல்யாணத்துக்கு முன்பு என்பதால். கலைந்ததா கலைத்ததா என்று பிரித்து ஒன்றை மட்டும் மன்னிக்கிற ஊரில், மறைப்பவர்கள் இருந்துகொண்டே இருப்பார்கள். அவர்களில் நெகட்டிவ் ரத்தக்காரர்களும் இருப்பார்கள்.

சைக்கிள் நர்ஸ் (ஓய்வு):

அம்பத்தூர் தங்கச்சி, நீ சொன்னது நெஞ்சில் பட்டது. நான் எழுதும்போது அந்தப் பக்கம் யோசிக்கவில்லை. தப்புதான். கார்டு எழுதுகிற நர்ஸுக்குத் தெரிய வேண்டியது எத்தனாவது வாரம், எப்படி முடிந்தது, ரத்தப்போக்கு அதிகமா, கிருமி பிடித்ததா, நெகட்டிவ் என்றால் ஊசி போட்டார்களா, இவ்வளவுதான். நியாயம் தீர்க்கிற கட்டம் எதுவும் கார்டில் கிடையாது.

இன்னொன்றும் இதில் இருக்கிறது, எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். பால் கொடுக்கும்போது தூரம் வராததால் கரு தங்காது என்று நம்பி இருந்துவிடுகிறார்கள். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, தூரமும் வராமல் இருந்தால்தான் அது ஓரளவு நம்பத்தக்க தடுப்பு. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் நம்ப முடியாது. நடுவில் ஒரு சங்கு பசும்பால் புகட்டினாலே கணக்கு மாறும். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் டி போட்டுக்கொள்ளலாம். போட விருப்பமா என்று பிரசவத்துக்கு முன்பே, வலியில்லாத நேரத்தில் கேட்டு வைக்க வேண்டும். வலியில் கிடப்பவளிடம் கேட்டுச் சம்மதம் வாங்கக் கூடாது என்று நான் எப்போதும் சண்டை போடுவேன்.

சார்ஜா தம்பி, மனைவியிடம் சொல்லிவிடு. ஐந்து வருஷம் ஆனால் என்ன.

நத்தம் மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமை போயிட்டு வந்தோம். அவரும் திருப்பூர்லேர்ந்து வந்தார்.

நர்ஸம்மாகிட்ட முதல் நாளே போன்ல சொல்லி வெச்சிருந்தேன். அவங்க என்னையும் அத்தையையும் மட்டும் உள்ள கூப்பிட்டு, படம் போட்டு விளக்கினாங்க. உள்ளேயே நின்னுபோச்சுன்னா என்னன்னு சொன்னப்போ அத்தை, "எங்க காலத்துல கரைஞ்சு போச்சுன்னு சொல்வோம்"னாங்க. நர்ஸம்மா ஏ1 பக்கத்துல 'தானாக, 9 வாரம், டிஎன்சி'ன்னு எழுதினாங்க. பழைய சீட்டைத் தேடிப் பார்த்ததுல ஊசி போட்டதா எதுவும் இல்ல. அதனால ஐசிடிக்கு மறுபடி ரத்தம் எடுத்திருக்காங்க, முடிவு வெள்ளிக்கிழமை. எனக்கு 38 நாள், 40 நாள் ஆகுறது வழக்கம்தான் அக்கா, நீங்க கேட்டது சரி. அக்டோபர் 25-ஐ வட்டம் போட்டுட்டாங்க. ஆகஸ்ட் 2 எனக்கு 28 வாரம், அன்னைக்கு ஊசி.

கிளம்புற நேரத்துல அத்தை நர்ஸம்மாகிட்ட, "எனக்குக் கார்டு போட்டிருந்தா என்னன்னு எழுதியிருப்பீங்க?"ன்னு கேட்டாங்க. நர்ஸம்மா ஒவ்வொண்ணா கேட்டாங்க. அத்தை விரல் விட்டு எண்ணிச் சொன்னாங்க. கரைஞ்சது ரெண்டு. பெத்தது நாலு. எல்-க்கு வந்தப்போ கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் மூணுன்னாங்க. எனக்கு மூத்த நாத்தனாருக்கு முன்னாடி ஒரு பிள்ளை இருந்ததே எனக்கும் தெரியாது, அவருக்கும் சரியாத் தெரியாது.

நர்ஸம்மா ஒரு மாத்திரைச் சீட்டுக்குப் பின்னாடி 'ஜி6 பி4 எல்3 ஏ2'ன்னு எழுதிக் கொடுத்தாங்க. அத்தை அதை மடிச்சு சுருக்குப் பையில வெச்சுக்கிட்டாங்க.